ஒரு கைச் சோறு

தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போதுகூட சண்முகவேல் அண்ணாச்சி கடையை விட்டு வீட்டுக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. அது பெண்டாட்டி இல்லை. ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஜாக்கெட் துணியும் உள்பாவாடையும் விற்கிற கடை அவருடையது. பண்டிகை நாளில் அந்தச் சந்துக்குள் போனவர் வெளியே வருவது கூட்டம் தள்ளுகிற தள்ளலைப் பொறுத்தது. அந்த நெரிசலிலும் பொழுது சாய்ந்ததும் கல்லாவை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து சைதாப்பேட்டைக்கு வந்து, ராக்குவுக்குச் சோறு வைத்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போவார். இசக்கியம்மாள் வாசலில் நின்று, "காப்பி குடிக்கியளா?" என்பாள். "நேரமில்லளா" என்பார் அவர். வருஷா வருஷம் நடக்கிற பேச்சு இது.

ராக்கு சிப்பிப்பாறை நாய். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெட்டைக் குட்டி. செவலை நிறம், நீண்ட மூஞ்சி, முதுகோடு ஒட்டிய வயிறு. புதிதாகப் பார்க்கிறவர்கள், "இன்னா அண்ணாச்சி, நாய்க்கு சோறே போடறதில்லியா?" என்று கேட்பார்கள். அந்த ஜாதி நாயே அப்படித்தான் என்று ஆரம்பித்து, முயல் வேட்டை, ஓட்டப் பந்தயம் என்று அவர் போய்விட்டால், கேட்டவருக்கு அன்றைக்கு வேலை கெட்டது.

ராக்குவுக்கு முன்னால் அந்த வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாலாட்டித் தின்னும். பொங்கல் சரக்கு வீட்டு முன்னறையில் கட்டுக்கட்டாக இறங்கியிருந்த சமயம் பார்த்து எவனோ ஒருவன் பன்னுக்குள் மருந்தை வைத்துக் காம்பவுண்டுக்குள் எறிந்துவிட்டான். விடிந்து பார்த்தால் சரக்கு இல்லை. மணி வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. சரக்கு போனதற்காக அண்ணாச்சி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். மணி போனதற்காக அழுதார். இனி வளர்க்கிற நாய் தன் கையைத் தவிர எந்தக் கையிலும் வாய் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினார்.

அதை எப்படிப் பழக்கினார் என்பது தெருவுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையே அதுதான். மாடியில் குடியிருக்கும் ஹாஜிரா பீயிடம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, "நீட்டுங்க" என்பார். குட்டி மோந்து பார்த்து வாயைத் திறந்ததும் மூஞ்சியில் பளீரென்று ஓர் அறை விழும். பிறகு அதே பிஸ்கட்டைத் தன் கையில் வாங்கி நீட்டுவார், தின்னலாம். பால்காரர் நீட்டினார், இஸ்திரிக்காரர் நீட்டினார், ஹாஜிரா பீயின் மகன் ஆட்டோக்கார சைஃப் நீட்டினான். கொஞ்ச நாளில், யார் நீட்டினாலும் ராக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருவே கை தட்டியது.

"பாவம் அண்ணாச்சி அது," என்றாள் ஹாஜிரா பீ. "ஒரு பிஸ்கோத்து துன்னா செத்தா பூடும்?"

"அப்படித்தான்க்கா எங்க மணி செத்தான்."



கடைசியில் ஒரு கைதான் பாக்கி இருந்தது. "ஏளா இசக்கி, நீ ஒருக்க குடு," என்றார்.

"நான் வீட்டு ஆளுதான? எனக்கு எதுக்கு?"

"வீட்டு ஆளுன்னு ஒரு வழி விட்டா, பெறவு எல்லாவனும் வீட்டு ஆளுதான். குடுன்னு சொல்லுதேன்."

பொரித்த சாளை மீனில் ஒரு துண்டைப் பிட்டு முள் பார்த்து நீட்டினாள். குட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தது. குளிப்பாட்டுகிறவள், உண்ணி எடுக்கிறவள், அவர் கடைக்குப் போனபின் பகல் முழுக்கக் கூட இருக்கிறவள். இவளிடம் வாங்கலாம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். வாங்கிவிட்டது. அன்றைக்கு அவர் கையால் அடிக்கவில்லை, செருப்பை எடுத்தார். ராக்கு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒடுங்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூஞ்சியைத் தரையோடு தரையாக ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சிக்கும் மனசு கேட்கவில்லை. அவரே போய்க் குனிந்து கூப்பிட்டு, மடியில் போட்டுத் தடவி, தன் கையால் ஊட்டினார். அதற்கப்புறம் சோறு வடிப்பது இசக்கியம்மாள், பிசைவது இசக்கியம்மாள், தட்டில் போடுவதும் அவள்தான். தட்டைக் கீழே வைப்பது மட்டும் அவர்.

கார்த்திகையில் புயல் வந்தது. அவர்கள் தெரு அடையாற்றின் கரையை ஒட்டியது. ஏற்கெனவே ஒரு தடவை வெள்ளத்தில் முங்கி எழுந்த தெரு. அதனால் இந்த முறை எல்லோருக்கும் கொஞ்சம் முன்யோசனை வந்திருந்தது. வானொலியில் புயல் என்றதுமே இசக்கியம்மாள் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், நகை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட்டாள். ராக்குவுக்குத் தனிப் பை. ஊசி போட்ட அட்டை, சங்கிலி, அலுமினியத் தட்டு, ஒரு பொட்டலம் குருணை அரிசி. வேற்று இடத்தில் மிரளாமல் படுக்க அவருடைய பழைய லுங்கி ஒன்று. மனுஷர்களுக்கே பை கட்டாதவர்கள் தெருவில் நிறையப் பேர். நாய்க்கும் கட்டிய தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குத் திருப்தியாக இருந்தது. எதையும் விட்டதாக அப்போது தோன்றவில்லை.

இரண்டு நாள் ஓயாத மழை. விடியும்போது கட்டில் காலைத் தண்ணீர் தொட்டது, காப்பி போடுவதற்குள் அடுப்பு மேடைக்கு வந்துவிட்டது. மாடியில் ஹாஜிரா பீ வீட்டில் ஏறி நின்றார்கள். அங்கேயும் எத்தனை நேரம் நிற்பது? தெருமுனைக்குப் படகு வந்திருப்பதாகச் சத்தம் கேட்டது. சந்துக்குள் அது வராது.

"நாய இப்டி குடு அண்ணாச்சி, நான் தூக்கினு வர்றேன்," என்றான் சைஃப். "உனுக்கு வயசாய்டுச்சு."

"எங்கிட்டதான் வரும்."

அது உண்மையும்தான். ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி ராக்குவைப் பிடரியில் போட்டு, நான்கு கால்களையும் மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் அண்ணாச்சி நடந்தார். சாக்கடையும் ஆறும் ஒன்றாகிவிட்ட தண்ணீர். பாதி வழியில் "ஸ்" என்று நின்றார். கண்ணாடியோ தகரமோ பாதத்தைக் கிழித்திருந்தது. படகில் ஏறிய பிறகுதான் இசக்கியம்மாள் பார்த்தாள். ராக்கு அந்தக் காயத்தை நக்கிக்கொண்டே வந்தது.

வடபழனியில் இசக்கியம்மாளின் தம்பி, கடைக் கல்லாவைப் பார்க்கிற ராம்குமார் வீடு இருந்தது. மூன்றாவது மாடி, மகளுக்குப் பிள்ளை பிறந்து வந்திருக்கிற வீடு. "அத்தான், நீங்க எத்தன நாள் வேணாலும் இருங்க. ஆனா பச்சப்புள்ள இருக்க எடத்துல இது..." என்று ராம்குமார் தலையைச் சொரிந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பெருங்குடியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கொட்டகையில் வெள்ளத்து நாய்களை வைத்துப் பார்ப்பதாகச் சைஃப் விசாரித்துச் சொன்னான். முன்கூட்டியே மேட்டில் நிறுத்தி வைத்திருந்த அவன் ஆட்டோவிலேயே போனார்கள்.

கொட்டகையில் ஹம்சினி என்ற பெண் இருந்தாள். மயிலாப்பூர்ப் பெண், கம்ப்யூட்டர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, முழங்கால் சேற்றோடு பத்து நாய்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் கட்டிய பையைப் பிரித்துப் பார்த்து, "ஆன்ட்டி, இவ்ளோ அழகா எடுத்துண்டு வந்த ஆளை நான் பார்த்ததே இல்ல," என்றாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள். "அங்கிள், உங்களைத் தவிர வேற யார் கையில சாப்பிடும்?"

"யார் கையிலயும் சாப்பிடாதும்மா." சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஐயோ. ஒரு நாள் உங்களால வர முடியலேன்னா?"

"நான் வராம இருப்பனா?"

காலையிலும் மாலையிலும் நொண்டிக்கொண்டே போய்ச் சோறு வைத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் போனது. அப்புறம் காய்ச்சல் வந்தது, கெண்டைக்கால் வலி வந்தது, கண் மஞ்சளாயிற்று. வெள்ளத்தண்ணியில் வருகிற எலிக்காய்ச்சல், சிறுநீரகம் வரை போய்விட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். இசக்கியம்மாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அங்கே வந்தது ஹம்சினியின் போன்.

"ஆன்ட்டி, ராக்குக்கும் காய்ச்சல். டாக்டர் அதே எலிக்காய்ச்சல்தான்னு சொல்றார். மருந்து ஏத்தறோம், ஆனா வயித்துல ஏதாவது போகணுமாம். அவளுக்கு உடம்புல சதையே இல்லியே. ஊசிக் குழாயில விட்டா கக்கிடறா. நீங்க ஒரு தடவை வந்து குடுத்துப் பாருங்களேன்."

"நான் குடுத்தா தின்னாதும்மா."

"ஆத்துல பகல் பூரா அவளோட நீங்கதானே ஆன்ட்டி இருக்கேள்?"

இசக்கியம்மாள் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சைஃப் வந்து நின்றான். "வாம்மா, நான் இட்டுனு போறேன். அண்ணாச்சிய எங்கம்மா பாத்துக்கும்."

ராம்குமார் வீட்டு அடுப்பில் குருணையைக் குழைய வடித்து, கோழிக்கால் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்து தூக்குச்சட்டியில் கொண்டுபோனாள். ராக்கு லுங்கியின் மேல் கிடந்தது. அவளைக் கண்டதும் வால் மட்டும் அசைந்தது. தட்டில் போட்டதும் வாசனைக்கு மூக்கு துடித்தது, வாயோரம் எச்சில் ஒழுகியது. ஒரு கவளம் எடுத்து நீட்டினாள். ராக்கு சோற்றைப் பார்த்தது, அவள் கையைப் பார்த்தது. காதை மடக்கிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியது.

"பாருங்கோ ஆன்ட்டி, பசி இருக்கு. எச்சில் விட்டுண்டே திரும்பிக்கறது," என்றாள் ஹம்சினி. அவள் கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு விசுவாசத்தை நான் பார்த்ததே இல்ல."

"கடவுள் சத்தியமா, மனுசனுக்குக் கூட இப்டி வராது," என்றான் சைஃப்.

இசக்கியம்மாள் கவளத்தைத் தட்டில் போட்டாள். அந்தக் கண்ணை மூடுகிற விதம் அவளுக்குத் தெரியும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் உள்ளே போய்ப் பார்க்கக் கொஞ்ச நேரம் விட்டார்கள். மூக்கில் குழாயோடு அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். "ராக்கு தின்னுச்சா?"

"இல்லங்க. உங்களத் தேடுது."

"போனப் போட்டு வையி. நான் சொன்னா கேக்கும்."

மறுநாள் அப்படியே செய்தார்கள். பக்கத்தில் இருந்த ஷண்முகப்ரியா என்ற நர்ஸ் அவர் வாயருகில் போனைப் பிடித்தாள். பெருங்குடியில் ஹம்சினி போனை ராக்குவின் காதருகில் வைத்தாள். "ராக்கு... ஏட்டி... தின்னுட்டி," என்று மூச்சிரைப்போடு அந்தக் குரல் வந்தது. ராக்குவின் காது விறைத்தது. நாள் கணக்காய் எழுந்திருக்காதது, நடுங்குகிற காலை ஊன்றி எழுந்தது. இசக்கியம்மாள் அவசரமாகத் தட்டை நகர்த்தினாள். ராக்கு தட்டைத் தாண்டிப்போய், கொட்டகை வாசல் தட்டியருகில் நின்று வெளியே பார்த்தது. அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கிய ரோடுதான் இருந்தது. நிற்க முடியாமல் அங்கேயே மடங்கி விழுந்தது. திருப்பித் தூக்கி வந்து போட்டால், தலையை மட்டும் வாசலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டது. குரலைக் கேட்டது, ஆளைக் காணவில்லை. நாய்க்கு அதை எப்படிப் புரியவைப்பது?

"தின்னுச்சா?" என்றார் அண்ணாச்சி அன்று மாலை.

அவர் உடம்பு இருந்த இருப்பில் அவளுக்கு மெய் சொல்ல வாய் வரவில்லை. "தின்னுச்சுங்க."

"யாரு கையில?"

இந்த நிலைமையிலும் இதையா கேட்கிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் அந்தக் கோபமும் போய்விட்டது. "உங்க சத்தம் கேட்டுத்தான் தின்னுச்சு. நாங்க சும்மா தட்ட வச்சோம்," என்றாள். அவர் தூங்கிப்போனார்.

அடுத்த நாள் பகலில் அவள் சைஃபையும் ஹம்சினியையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ராக்குவுக்குப் பக்கத்தில் சாணித்தரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள். அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, இங்க பாரு. யாரும் இல்ல. அவுக இல்ல. நான் மட்டுந்தான். அடிக்க மாட்டாவட்டி." சொல்லிக்கொண்டே அந்தத் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டாள். உப்பில்லாத சோறு. மென்று முழுங்கினாள். "பாத்தியா? நானும் திங்கேன். நமக்கு ரெண்டு பேருக்கும் பசிதான? எத்தன வருசமா ஒனக்குச் சோறு பெசையுதேன். ஒரு நா வாங்கிக்கிட மாட்டியா? ஏ தாயி, இந்தா, ஒரு வாய்."

எவ்வளவு நேரம் கை நீட்டியபடி இருந்தாளோ, தோள் மரத்துவிட்டது. ராக்கு கண்ணைத் திறந்தது. கையை மோந்தது. மெதுவாக, பல் படாமல், அந்தச் சின்ன உருண்டையை வாங்கி விழுங்கியது.

விழுங்கியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூஞ்சியைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. அடிக்காகக் காத்திருந்தது.

இசக்கியம்மாளுக்கு அடக்க முடியவில்லை. அதன் மூஞ்சியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தடவத் தடவத்தான் நடுக்கம் நின்றது. அடுத்த உருண்டையை நீட்டினாள். அதற்குத் தலையைத் தூக்கத் தெம்பில்லை. இரண்டே இரண்டு நாள் முன்னால் இந்த ஒரு வாயை வாங்கியிருந்தால் பிழைத்திருக்கும். மறுநாள் காலையில் ஹம்சினி போன் செய்து, பேசாமல் அழுதாள். "உள்ள கொஞ்சம் போயிருந்தா மருந்து தாங்கியிருக்கும்னு டாக்டர் சொல்றார் ஆன்ட்டி," என்றாள் பிறகு. கொட்டகைக்குப் பின்னால் சைஃப் குழி வெட்டினான். அந்த லுங்கியில் சுற்றியே வைத்தார்கள். இசக்கியம்மாள் தட்டையும் உள்ளே வைக்கப் போனாள், மனசு மாறிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி பிழைத்தார். ராக்கு செத்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். சுவரில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு, கதவெல்லாம் உப்பிப் போய் அடைக்க வராமல் கிடந்தது. அவர் கட்டிலில் படுத்தபடி சத்தமில்லாமல் அழுதார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சுத்தான். "கடைசி வரைக்கும் வேற ஒருத்தர் கையில வாய் வைக்கலய்யா. போன்ல என் சத்தம் கேட்டுத் தின்னுருக்கு. இப்படி ஒரு ஜீவன் யாருக்கு வாய்க்கும்?" ராம்குமார் உச்சுக்கொட்டினான். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ராக்குவின் போட்டோவை மாட்டலாம் என்றான். இஸ்திரிக்காரர், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தான் நீட்டிய பிஸ்கட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஹாஜிரா பீ மட்டும் இசக்கியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

எல்லோரும் போனதும் இசக்கியம்மாள் கஞ்சியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் கை இன்னும் நடுங்கியது, கரண்டி நிற்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள்தான் ஊட்டுகிறாள். ஒரு கரண்டி கொடுத்தாள், குடித்தார்.

"ஏங்க, ராக்கு உங்க சத்தம் கேட்டுத் தின்னுச்சுன்னு நான் சொன்னது பொய்."

அவர் பார்த்தார்.

"சத்தத்தக் கேட்டு வாசல்ல போயி நின்னுச்சு. அவ்வளவுதான். மறுநா என் கையில ஒரு வாய் வாங்குச்சு. வாங்கி முழுங்கிட்டு கண்ண மூடிக்கிட்டு மூஞ்சியத் தரையில ஒட்டிக்கிட்டுது. அன்னைக்கு மீன் தின்னுட்டுக் கெடந்துச்சுல்லா, அதே மாரி. அடி விழும்னு."

"எதுக்குளா இத எங்கிட்ட சொல்லுத?" என்றார்.

"ஊரெல்லாம் விசுவாசம்னு சொல்லுதாவ. நீங்களும் சொல்லுதீய. அதுக்குப் பசிங்க. எச்சி ஒழுக ஒழுகத் திரும்பிக்கிட்டுது. பயந்துக்கிட்டே செத்துச்சு. எனக்கு அத உள்ள வச்சிக்கிட்டு இருக்க முடியல."

அண்ணாச்சி தன் வலது கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. "மணி மாரி சாவக் கூடாதுன்னுதானளா செஞ்சேன்," என்றார்.

"தெரியும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இசக்கியம்மாள் கரண்டியை நீட்டியபடியே இருந்தாள். திட்டுவாரா, கிண்ணத்தைத் தட்டிவிடுவாரா என்று அவளுக்கும் பயம்தான், ஆனாலும் கையை இறக்கவில்லை. "ஆறிப்போவுது. வாயத் தொறங்க," என்றாள்.

அவர் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள். கஞ்சிக்கு உப்புப் போட மறந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. உப்புக் குறைந்தால் ஒரு நாளும் சொல்லாமல் விடாத மனுஷன், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல், கிண்ணம் காலியாகும்வரை அவள் கையால் குடித்தார்.